அட்மிரல் தூங்குகிறார்

கூண்டுக் கம்பியை ஆல்பி நகத்தால் தட்டிப் பார்த்தான். வெள்ளை எலி அசையவில்லை. வைக்கோலில் பக்கவாட்டில் சரிந்து, வாலை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு கிடந்தது. மறுபடி தட்டினான். தட்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும் என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டான்.

நீர்மூழ்கி கடலடிச் சேற்றில் மூக்கைச் சொருகிக்கொண்டு நின்றது. போர்ட்ஸ்மத் துறைமுக வாயைத் தாண்டி எப்போதும்போலத்தான் முங்கினார்கள். முங்கும்போதே முன்பக்கம் கனத்து, மெத்தையில் விழுவதுபோல் சத்தமில்லாமல் தரையில் குத்தியது. படகின் தலைவர் லெப்டினன்ட் ஹார்கோர்ட் மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார். சேறு விடவில்லை. குத்திய அதிர்ச்சியில் பெட்ரோல் குழாய் எங்காவது விரிசல் விட்டிருக்குமோ என்ற சந்தேகம் அதன் பிறகுதான் அவருக்கு வந்தது. உடனே மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க ஸ்விட்சிலிருந்து ஒரு பொறி போதும்.

மிச்சமிருந்தது அழுத்தக் காற்று அடைத்த ஒரே ஒரு உருளை. அதைத் திறந்தால் தொட்டிகளில் நிரப்பிய தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் படகு எழும்பும். ஆனால் ஒரு தடவைதான் தள்ள முடியும். மேலே ஓதம் இறங்கிக் கடல் வற்றிக்கொண்டிருந்தது. பொறுத்தால் தலைக்கு மேலுள்ள தண்ணீர் குறையும், அதே காற்று இன்னும் பலமாகத் தள்ளும். "பொறுப்போம்," என்று லெப்டினன்ட் சொல்லிவிட்டார். யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது, தேவையில்லாமல் பேசக்கூடாது.

ஆவி கசிந்துகொண்டிருந்தால் மட்டும் பொறுக்க முடியாது. தலை சுற்றும், சிரிப்பு வரும், அப்புறம் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சொன்னவன் யாருமில்லை. மூக்கை நம்பவும் வழியில்லை. நல்ல நாளிலேயே படகு முழுக்க பெட்ரோல் வாடைதான். கோஸ்போர்ட்டில் ஆல்பியின் அம்மா, அவன் ஸ்வெட்டரை அடுப்பங்கரையில் காயப்போட மாட்டாள். மழை பெய்தாலும் கொல்லையில்தான் கொடி. "உன்னப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஒரு தீக்குச்சி கிழிக்க முடியலடா," என்பாள்.

அதற்காகத்தான் எலி. ஆவி ஏறினால் மனிதன் விழுவதற்கு முன்பே அது மயங்கி விழும். கடற்படைத் தளபதி மாதிரி அதற்கு அட்மிரல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ட்ரட்ஜெட், அட்மிரல் எப்படி இருக்கார்?" என்றார் லெப்டினன்ட்.

"தூங்குறார் சார்," என்றான் ஆல்பி ட்ரட்ஜெட்.

"அட்மிரல்னா வேற என்ன பண்ணுவாராம்," என்றான் எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்த கிரிம்ஷா. இரண்டொருவர் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

"எழுப்பு."

ஆல்பி ஊதினான், கூண்டை ஆட்டினான். எலியின் மீசை ரோமம் அவன் மூச்சில் அசைந்தது. அவன் ஊதுவதை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டுச்சு?"

எலிக்குத் தீனி வைப்பது ஆல்பியின் வேலை. காலையில் ஒரு துணுக்கு ரொட்டி, அதற்கு மேல் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. வயிறு முட்டிய எலி காவலுக்கு ஆகாது. "ரொட்டி மட்டும்தான் சார்."

சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்த பாஸ்கோ தொண்டையைச் செருமினார். படகிலேயே மூத்தவர், சிடுமூஞ்சி. "நான் கொஞ்சம் சீஸ் குடுத்தேன் சார்."

"நீங்களா பாஸ்கோ?"

"முங்குறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு வாய் குடுத்துட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும் சார்."

"நான் பேக்கன் தோலு," என்றான் கிரிம்ஷா.

முன்பக்க இருட்டிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. "கேக்கு சார்."

"என்ன கேக்கு?"

"தங்கச்சி கல்யாணக் கேக்கு. திராட்சை இருந்த பக்கமாப் பாத்துப் பிச்சுக் குடுத்தேன்."

"அடப்பாவி, எங்களுக்கு வெறும் ஓரம்தான குடுத்த," என்றான் கிரிம்ஷா.

லெப்டினன்ட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தும் அதை முகத்திலிருந்து எடுக்கச் சற்று நேரமானது. "நானும் ஒரு பிஸ்கட் வச்சேன்," என்றார்.

ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுப்பதாக நினைத்திருந்தார். இப்போது அந்த எலி தின்று தூங்குகிறதா, ஆவியில் விழுந்து கிடக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. தலைக்கு மேலே ஒயிட் தீவுக்குப் போகும் பயணிகள் கப்பல் தண்ணீரை அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் இரும்பு வழியாக ஆல்பியின் முதுகில் ஏறி இறங்கியது. அங்கே வெயிலடிக்கும். யாராவது ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பார்கள்.

அவனுக்குத் தலை வலித்தது. ஆனால் முங்கிய நாளெல்லாம் அவனுக்குத் தலை வலித்திருக்கிறது. படகின் மேல்மூடியை இறுக்கும் சத்தம் கேட்டதுமே, அது திரும்பத் திறக்கும்வரை மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவான். என்னைப் பழையபடி மேலே மிதக்கிற கப்பலுக்கே அனுப்பிவிடுங்கள் என்று பாஸ்கோவிடம் சொல்ல இன்று காலை பக்கத்தில் போய் நின்றான். "என்னடா?" என்றார். "ஒண்ணுமில்ல," என்று வந்துவிட்டான்.

"ட்ரட்ஜெட்," என்றார் லெப்டினன்ட். "தினம் பாக்குறவன் நீ. கையில எடுத்துப் பாத்துச் சொல்லு. தூக்கமா, மயக்கமா?"

எலி உள்ளங்கையில் ஈரத்துணிபோல் துவண்டு கிடந்தது. அதற்குள் ஏதோ துடித்தது. எலியின் இதயமா, தன் விரல் நரம்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மயக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் காற்றைத் திறந்துவிடுவார்கள். மேலே போய்விடலாம். அல்லது பாதியில் காற்று தீர்ந்து இங்கேயே கிடக்கலாம்.

"மயக்கம் சார்." வார்த்தை அவனை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

பாஸ்கோ திரும்பிப் பார்த்தார். குரலில் கிண்டல் இல்லை. "பயத்துல சொல்றியா, பாத்துச் சொல்றியா?"

ஆல்பி மற்றக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டான். மேலே போய் மூடியைத் திறந்ததும் எலிக்குக் கொடுக்க, தினமும் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு சீஸ் வைத்திருப்பான். அதை எடுத்து எலியின் மூக்கருகே பிடித்தான். கண்ணைத் திறக்காமலே தின்கிற எலி அது. வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது அங்கிருந்த எல்லோருக்குமே தெரியும். அவர்கள் எட்டிப் பார்க்கச் சாய்ந்ததில் படகு லேசாக அசைந்தது.

"அசையாதீங்கடா," என்றார் பாஸ்கோ.

எலி தின்னவில்லை.

கிரிம்ஷா சிரிக்க ஆரம்பித்தான். அடக்கிப் பார்த்தான், மூக்கு வழியாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"போதும், நிறுத்துடா."

"நிறுத்த முடியல பாஸ்கோ. கேக்காம்... திராட்சைப் பக்கமாம்..."

அவன் எப்போதும் சிரிப்பவன்தான். ஆவி ஏறினாலும் சிரிப்புதான் வரும். லெப்டினன்ட் அவனைப் பார்த்தார், எலியைப் பார்த்தார், கடைசியில் ஆல்பியின் முகத்தைப் பார்த்தார். அங்கே அவருக்கு என்ன தெரிந்ததோ.

"காத்தைத் திற."

உருளையிலிருந்து காற்று அலறிக்கொண்டு குழாய்களில் ஓடியது. இரும்பெல்லாம் அதிர்ந்தது. விளக்குகள் நடுங்கின. எல்லோருடைய கண்ணும் ஆழம் காட்டும் முள்ளின் மேல் இருந்தது. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆல்பியின் உள்ளங்கையில் ஏதோ ஈரமாக, சின்னதாக இடித்தது. குனிந்து பார்த்தான். எலி கண் திறக்கவில்லை. முன்னங்கால் இரண்டும் சீஸைப் பிடித்திருந்தன. வெறும் தூக்கம்தான்.

இன்னொரு கையை அதன் மேல் குவித்து மூடிக்கொண்டான், காற்றில் தீக்குச்சியை மறைப்பதுபோல. யாரும் பார்க்கவில்லை. கிரிம்ஷா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். படகின் வால் பக்கம் எங்கோ இரும்பு நீளமாக முனகியது. காற்றின் இரைச்சல் மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே வந்தது. அவன் விரல்களுக்குள்ளே அட்மிரல் அவசரமில்லாமல் கொறித்துக்கொண்டிருந்தார்.