சொல்வதை எழுதுகிறவள்

சங்கவியால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாது. லேக் கார்டன்ஸில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா குமரவேல், “உனக்கு நாற்காலி வாங்கிப் போட்டதே வீண்” என்பார். பள்ளியின் சேவைக் கழகத்தில் எதற்கும் அவள் கைதான் முதலில் உயரும். ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினாள், குளிருக்குக் கம்பளி கொடுத்தாள். எதிலும் மனம் நிறையவில்லை. படம் எடுத்துக்கொள்வார்கள், பிஸ்கட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாருக்காவது ஏதாவது உண்மையாகவே செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

கழகப் பொறுப்பாசிரியை பத்மஜா ஜனவரியில் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். கண் தெரியாத மாணவி ஒருத்தி வங்காள மாநிலத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வான மாத்யமிக் எழுதப் போகிறாள், அவள் சொல்லச் சொல்ல எழுத ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்.

“நான் போறேன் மிஸ்.”

“முழுசாக் கேளு முதல்ல. அவ சொல்றத எழுதணும். அவ்வளவுதான். உனக்கு பெங்காலி கையெழுத்து அழகா இருக்கேன்னுதான் கூப்பிட்டேன்.”

அந்த மாணவியின் பெயர் மௌமிதா. சோனார்பூரிலிருந்து அம்மாவோடு லோக்கல் ரயிலில் டாக்குரியா வந்து இறங்குவாள். தேர்வு மையம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம். அவர்களுக்கென்று தனி அறை, ஜன்னலோரம் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியை. மொழித் தேர்வுகள் இரண்டும் சிக்கல் இல்லாமல் முடிந்தன. அதற்குள் சங்கவி அவளை வங்காள வழக்கப்படி திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

மூன்றாவது புவியியல். மௌமிதா விரல்களால் மேசையைத் தட்டியபடி வங்காள மொழியில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

“மேற்குத் தொடர்ச்சி மலையோட மேற்குச் சரிவு மழை மறைவுப் பகுதி.”

சங்கவியின் பேனா நின்றது. கோவையில் அவள் சித்தி வீடு இருந்தது. ஒவ்வொரு விடுமுறையிலும் மழை பார்க்க மலைக்கு அந்தப் பக்கம்தான் கூட்டிப்போவார்கள். மழை கொட்டுவது மேற்கில். மறைவு கிழக்கில். அவள் கால் மேசைக்கடியில் ஆடத் தொடங்கியது. ஒரே ஒரு சொல்.

“ஏன் நின்னுட்ட?”

“மை சரியா வரல, திதி.”

கிழக்கு என்று எழுதினாள். எழுதியதும் உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. அதன்பின் ஒவ்வொரு விடையிலும் அவள் காது தப்பைத் தேடியது. தபதி ஆறு மேற்கு நோக்கி ஓடுகிறது என்று மௌமிதா சொன்னபோது, அவள் யோசிக்கக்கூட இல்லை. அதையும் கிழக்கு என்று எழுதினாள்.

இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தபோது மௌமிதாவின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின.

“இரு. அந்த மழை மறைவுக் கேள்வி. நான் மேற்குன்னா சொன்னேன்?”

“ஆமா.”

“சே! அடிச்சிட்டு கிழக்குன்னு எழுது.”

சங்கவி விடைத்தாளைப் பார்த்தாள். அடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. வினாத்தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள், பக்கத்தில் எதையோ கிறுக்கினாள்.

மௌமிதா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “அது விடைத்தாள் இல்ல. வெறும் மேசைமேல கிடக்கிற ஒத்தைத் தாள். சத்தம் வேற.”

சங்கவி பேனாவை மேசைமேல் வைத்தாள்.

“ஏற்கெனவே கிழக்குன்னுதான் எழுதியிருக்கியா?”

“ஆமா, திதி. தப்பாச்சேன்னு…”

“வேற எதை மாத்தின?”

“தபதி. கிழக்குப் பக்கம் ஓடுதுன்னு எழுதினேன்.”

“தபதி அரபிக்கடல்ல போய் விழுது,” என்றாள் மௌமிதா. குரல் உயரவில்லை. “முதல்லேர்ந்து படி. எல்லாத்தையும்.”

“இல்ல திதி, அந்த ரெண்டுதான். சத்தியமா.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

முழு விடைத்தாளையும் படித்து, தபதியைத் திருத்தி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. மேற்பார்வை ஆசிரியை இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினார். கடைசி ஐந்து மதிப்பெண் கேள்வி பாதியில் நின்றுபோனது.

வெளியே படிக்கட்டில், “வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன்” என்றாள் சங்கவி.

“பேரு போர்டுல பதிஞ்சாச்சு. இனிமே மாத்த விடுவாங்களா? நீதான் வரணும்.” மௌமிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டாள். அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

சங்கவி வீட்டுக்குப் போகவில்லை. ஏரியை ஒரு சுற்று நடந்தாள், இன்னொரு சுற்றும் நடந்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பத்மஜாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

“தபதியைத் திருத்திட்டீங்க இல்ல? அப்ப விடு. வெளியில சொல்லிட்டு இருக்காதே,” என்றார் பத்மஜா. “கழகக் கணக்குல உன் சேவை மணி நேரத்தை எழுதிடு.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மறுபடியும் எழுந்து நடந்தாள். தன்னைத் தவிர யாருக்கும் இது பெரிதாகப் படவில்லை, மௌமிதாவைத் தவிர.

இரண்டு நாள் கழித்து உயிரியல். மௌமிதா வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு விடை முடிந்ததும் “படி” என்றாள். சங்கவி படித்தாள். நடுவில் ஒரு கேள்விக்கு மௌமிதா சொன்னாள்: “உடம்போட சமநிலையைக் காக்கிறது பெருமூளை.”

சிறுமூளை. சங்கவிக்கு அது தெரியும். கால் ஆடியது, முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்தாள். பெருமூளை என்றே எழுதினாள்.

“படி.”

படிக்கும்போது அந்தச் சொல்லில் குரல் தயங்கினாலே போதும், மௌமிதா கண்டுபிடித்துவிடுவாள். மற்ற சொற்களோடு ஒன்றாக அதையும் படித்தாள்.

“சரி. அடுத்தது.”

மணி அடிக்கும்வரை மௌமிதா அந்தக் கேள்விக்குத் திரும்பவே இல்லை. கட்டிவைத்த விடைத்தாளை ஆசிரியை எடுத்துப் போனபோது, அதைப் பிடுங்கி ஒரே ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் போலச் சங்கவிக்குக் கை துடித்தது.

படிக்கட்டில் மௌமிதா கேட்டாள். “இன்னிக்கு எங்கேயாவது தப்பாச் சொன்னேனா?”

“ஒண்ணு. சமநிலை.”

மௌமிதா ஒரு படி இறங்கி நின்றாள். “சிறுமூளை! ஐயோ, நேத்துக்கூடப் படிச்சேனே.” தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “நீ அப்படியே எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

 மௌமிதா கையை நீட்டிச் சங்கவியின் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா இறங்கு,” என்றாள். “உனக்கு எப்பவுமே அவசரம்.”