போறேன் என்ற பொத்தான்

மாரிக்கண்ணனுக்கு அந்த யோசனை உதித்த அன்று மும்பை விக்ரோலி ஆபீஸில் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். அப்படி என்ன பிரமாத யோசனை? தாராவியில் எந்த வாசலிலும் கேட்கிற பேச்சுதான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். அது அச்சானியம், அபசகுனம். 'போயிட்டு வாரேன்' என்பார்கள்.

வீடுகளுக்குச் சமையலாள் அனுப்பும் 'கைத்துணை' ஆப்பில், சமையல் முடிந்ததும் வரும் திரையில் இந்த இரண்டையும் பொத்தானாக வைத்தான் புண்ணியவான். 'போறேன்' அமுக்கினால் அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். 'போயிட்டு வாரேன்' அமுக்கினால் அடுத்த வீடு வந்து விழும். அதை மறுத்தால் மறுநாள் வேலை கிடையாது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு போனே வாசித்தும் காட்டும். தமிழ்ப் பெண்கள் ஒருத்திகூட 'போறேன்' பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. ஆபீஸுக்குக் கொண்டாட்டமான கொண்டாட்டம்.

அந்த ஆப்பில் அக்கா மாரிசெல்வியைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். இன்று மதியம் செம்பூரிலிருந்து அவள் போன் வந்தது.

"தம்பி, அம்முவுக்கு மேலு கொதிக்காம். பக்கத்து வீட்டு ஷமீமா போன் போட்டா. கெளம்பலாம்னு பாத்தா இன்னொரு வீடு வந்து நிக்கி. வேண்டாம்னா நாளைக்கு வேல இல்லியாம்லா!"

"நீ மத்த பொத்தான அமுக்கிருக்கணும்க்கா."

"எது, போறேன்னா? பிள்ள காய்ச்சல்ல கெடக்கும்போது அந்தச் சொல்ல நான் தொடுவனாலே? எந்த வெளங்காதவன் எழுதி வச்சானோ!"

அந்த வெளங்காதவன், "நான் போயி அம்முவ டாக்டர்ட்ட காட்டுதேன்" என்று மட்டும் சொன்னான்.

கிளம்புமுன் மேலாளர் ஷ்யாமளாவிடம் போனான். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழச்சி, இந்தச் சொல்லின் சூட்சுமமெல்லாம் தெரிந்தவள். "மேடம், அத மாத்தி 'வேலை முடிந்தது'ன்னு வச்சிருவோம். பாவம், சிக்கிக்கிறாங்க."

"நாம யாரையாவது கட்டாயப்படுத்தறோமா என்ன? ரெண்டும் ஒரே சைஸ், ஒரே கலர்னு மீட்டிங்ல நீதானே சொன்னே? நம்பர்ஸ் நன்னா ஏறிண்டிருக்கு. தொடாதே."

சொன்னது அவன்தான். தன் வாயே தனக்கு எதிரியானால் யாரிடம் போய் முறையிடுவது?

மாரிக்கண்ணன் பையை எடுத்தான். இனி இந்த ஆபீஸ் படி ஏறுவதில்லை. தான் வைத்த 'போறேன்' பொத்தானின் சொல்லையே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். ஒரே ஒரு சொல்தானே!

கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி திரும்பினான். காய்ச்சலில் கிடக்கிற அம்முவின் முகம் வந்து நின்றது. நாக்கு புரள மறுத்தது.

"போயிட்டு வாரேன் மேடம்" என்றான்.

"சரி, சீக்கிரம் வா" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.