ஓரமாகவே போனவன்

சகாயநாதன் நடு ரோட்டில் சைக்கிள் ஓட்டித்தான் செத்தான் என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது. போலீஸ் வந்து பார்த்தபோது சாலையோரம் துடைத்துவிட்டாற்போலக் காலியாகக் கிடந்ததாம். அவ்வளவு இடம் இருக்க, அந்த மனுஷன் ஏன் பஸ்ஸுக்கு முன்னால் போனான்? டிரைவர் மேல் தப்பில்லை என்று கேஸை முடித்துவிட்டார்கள்.

அவன் மனைவி அமலிக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. ஆட்டோ வந்தாலே இறங்கி, சைக்கிளை வாய்க்கால் சரிவில் சாய்த்துக்கொண்டு நிற்கிற பயந்தாங்கொள்ளி அவள் புருஷன். கார்க்காரன் ரோட்டையும் சேர்த்து வாங்கிட்டான் என்று சொல்லிச் சிரிப்பான். அவனாவது, நடுவில் போவதாவது!

ஸ்டேஷனிலிருந்து வந்த அவன் சைக்கிளுக்கு ரிம் மாற்றி, அவளே திருப்பனந்தாளில் இருக்கும் தையல் கடைக்குத் தினமும் வேலைக்கு ஓட்டிப் போனாள். அவன் விழுந்த வளைவு வந்தால் பெல் தானாக ஒலிக்கும். ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது, அதிர்வில் அடிக்கிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஆனால் போகும்போது மட்டும்தான் அடிக்கும், திரும்பும்போது அடிக்காது. "என்னங்க சொல்ல வர்றீங்க?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறாள்.

மறு வருஷம் குறுவை அறுவடை வந்தது. மழைக்கு முன் காய வேண்டுமே என்று பக்கத்து வயல் மலர்க்கொடி வளைவு நெடுகப் பாதி ரோட்டில் நெல்லைப் பரப்பி, விளிம்பில் கல் வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் இது யாருக்கும் அதிசயமில்லை. அமலியும் எத்தனையோ முறை காயவைத்தவள்தான்.

பெல் அடித்தது. அமலி திடுக்கிட்டுப் பார்த்தாள். ஓரம் முழுக்க நெல். அவளை அறியாமலே கை ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பியிருந்தது. அவள் நடு ரோட்டில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அலறியது.

காலை ஊன்றி நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா? ஓரமா போகத் தெரியாது?"

"ஓரம் எங்க இருக்குன்னு காட்டுங்க, போறேன்."

டிரைவர் நெல்லைப் பார்த்தார்.

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த மலர்க்கொடி அப்படியே நின்றுவிட்டாள். போன வருஷம், சகாயநாதன் நடு ரோட்டில்தான் வந்தார் என்று சாட்சி சொன்னவளும் அவள்தான்.

"அன்னிக்கும் கெடந்துச்சாடி?" என்றாள் அமலி.

மலர்க்கொடி நெல்லிலேயே உட்கார்ந்தாள். "கெடந்துச்சுக்கா. போலீஸ் வர்றதுக்குள்ள அள்ளிட்டோம். எங்க மேல கேஸ் வந்துடுமோன்னு பயம். ஆனா, அவரு நெல்லு மேல ஏத்திட்டுப் போயிருக்கலாம்லக்கா? காரெல்லாம் ஏத்திட்டுத்தானே போவுது?"

அமலிக்கு அழுகை முட்டியது. கீழே சிந்திய பருக்கையை எடுத்து, சிலுவை போட்டு வாயில் இடுகிறவன் எப்படி ஏற்றுவான்?

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

"சொன்னா அவரு வந்துடுவாராக்கா?"

"வரமாட்டாரு. அவரு நல்ல பேராவது திரும்பி வரட்டும்."

மலர்க்கொடி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அமலி சைக்கிளில் ஏறினாள். நெல்லின் மேலேயே ஏற்றி மிதித்துவிடலாம் என்று ஆத்திரம் வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பப் பார்த்தாள், கை வரவில்லை. பெல் ஒரு தரம் ஒலித்தது. நடு ரோட்டிலேயே போனாள்.

நெல் முடிகிற இடம் வரை பஸ் ஹாரன் அடிக்காமல் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. சகாயநாதனுக்கு அன்று வேண்டியிருந்தது அவ்வளவுதான்.