சொல்லாமல் விட்ட வீடு

எனக்குக் காசநோய் என்று சொன்ன கையோடு நர்ஸ் பெத் ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். மூன்று மாதமாக யார் யாரோடு ஒரே அறையில் இருந்தேன் என்று கேட்டாள். நான் இருமினால் வெளியே வரும் கிருமி மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்குமாம். துருவப் பனியில் கிடக்கும் எங்கள் பாஃபின் தீவில் பிப்ரவரியில் யார் ஜன்னலைத் திறக்கிறார்கள்?

பதினாறு பேரைச் சொன்னேன். லீட்டியாவை மட்டும் சொல்லவில்லை.

லீட்டியா என் சிநேகிதி. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில்தான் சீட்டாடினேன். ஆறு பேருக்கென்று அரசாங்கம் கொடுத்த வீட்டில் பதினோரு பேர். யாராவது வந்து தலையை எண்ணினால் வீடு போய்விடும் என்று அவளுக்குப் பயம். காசநோய் என்றால் கூட இருந்தவர்கள் பெயரைக் கேட்பார்கள் என்று ஊருக்கே தெரியும். சோதனை முடிவுக்காக நான் மருத்துவ நிலையத்துக்குக் கிளம்பும்போதே வாசலில் மறித்துக்கொண்டாள்.

“ஊலூட்டி, எங்க பேரை மட்டும் சொல்லிடாதடி. இந்தக் குளிர்ல நாங்க எங்க போவோம்?”

பெத் கேட்டது நோய்க்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெற்கிலிருந்து வருகிற அரசாங்கத்து ஆட்கள் ஒரு மேசையில் எழுதியது இன்னொரு மேசைக்குப் போகாமல் இருந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

லீட்டியாவின் கைக்குழந்தைக்கு ஏழு மாதம். செத்துப்போன என் அண்ணன் ஜோனாசியின் பெயரைத்தான் வைத்திருந்தாள். பெயர் வந்தால் உறவும் கூடவே வரும் என்பது எங்கள் வழக்கம். அதனால் நான் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சீட்டாடும்போது என் மடியில்தான் கிடப்பான். உன் அண்ணன் நனைத்துவிட்டான், நீயே துடை என்பாள் லீட்டியா. இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன், முட்டாள்.

மார்ச்சில் அவன் பால் குடிப்பதை நிறுத்தினான். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள் லீட்டியா வீட்டில். கழுத்து விறைத்த பிறகுதான் பெத்திடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அந்தத் தாளை எடுத்து, பதினாறு பெயருக்குக் கீழே லீட்டியா வீட்டையும் எழுதினாள். கிருமி மூளைக்குப் போயிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம் என்று நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். குழந்தையை விமானத்தில் தெற்கே ஒட்டாவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் செத்துப்போனான்.

அழுகை வரவில்லை. காலையில் பெத் முன்னால் மாத்திரையை விழுங்கினேன், விழுங்கிவிட்டேன் என்று நாக்கை நீட்டிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். மறுநாளும் அப்படியே.

லீட்டியாவின் வீடு போகவில்லை. பெத் வந்து எல்லோரையும் சோதித்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். வேறு யாரும் வரவே இல்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து லீட்டியா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்களை ஏன் சொல்லல?”

“நீதானேடி சொல்லாதேன்னே.”

லீட்டியா கதவுப் பக்கம் திரும்பினாள்.

“நான் சொன்னா நீ கேட்டுடணுமா? அவன் உனக்கு அண்ணன் இல்லையா?”