சாப்பிட்ட பிறகு சொல்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. என் கணவர் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் நல்லதோ கெட்டதோ எதையும் அவரிடம் சொல்லக் கூடாது. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகுதான் சொல்லலாம். சாப்பிட்டாலோ, கழுவிய கை காய்வதற்குள் மனிதர் உறங்கிவிடுவார். பிறகு எப்போதுதான் சொல்வது என்று கேட்டால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

என் கணவர் ஜசிந்தன் பலேர்மோவிலிருந்து மெசீனாவுக்கு ரயில் ஓட்டுகிறார். சின்ன வயதிலேயே தாயோடு இங்கே வந்து, இந்த ஊர்ப் பிள்ளைகளோடு படித்து ஓட்டுநர் ஆனவர். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வீடு துடைக்கவும் வயதானவர்களைப் பார்க்கவும் போகிற ஊரில், ரயில் ஓட்டுகிற தமிழன் என்று அவருக்குக் கோயிலில் தனி மரியாதை. அந்த மரியாதைக்கு விடியுமுன் எழுந்து சோறு கட்டிக் கொடுப்பது நான். பிறகு என்னுடைய சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய முதலாளியம்மாவின் வீட்டைத் துடைக்க ஓடுவதும் நான்தான்.

சட்டம் சும்மா வரவில்லை. ஊரில் இருந்த அவருடைய தகப்பனுக்கு மாரடைப்பு என்ற செய்தி ஒருநாள் அவர் புறப்படும் நேரத்தில் வந்தது. நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன். அன்று அவர் சிவப்பு விளக்கைப் பிந்திக் கண்டு, பிரேக்கை இறுக்கி, விளக்கைத் தாண்டாமல் மயிரிழையில் வண்டியை நிறுத்தினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின, நெடுநேரம் நிற்கவில்லை.

"எனக்குப் பின்னாலை எத்தினை சனம் இருக்குது தெரியுமே? இனி நான் போகேக்கை ஒண்டும் சொல்லாதை" என்றார்.

அதன்பிறகு மகளின் காய்ச்சல், பள்ளிக்கூடத்துப் பரிசு, என் முதுகுவலி எல்லாம் அவரிடம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தன. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். எங்கள் வீட்டில் அவர் குடித்ததெல்லாம் பழங்கஞ்சிதான்.

எங்களுக்கு ஒரே மகள், தர்சனா. அவளுக்கு வெகு தூரம் வடக்கே, தொரினோவில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. அவரோ, மகள் பலேர்மோவில்தான் படிப்பாள், வீட்டில்தான் இருப்பாள் என்று கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "அப்பாட்டை நானே சொல்லுறன், நீங்கள் வாய் திறக்க வேண்டாம்" என்றாள் மகள். ஒருநாள் அவர் உறக்கத்தில் இருந்தார். ஒருநாள் யாரோ வரவில்லை என்று அவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வந்தார். அவர் விழித்திருந்த நாளில் இவளுக்கு வாயில் கொழுக்கட்டை. இப்படியே பயண நாளும் வந்துவிட்டது.

"அப்பாட்டைச் சொல்லாமல் போறன். அப்பாவின்ரை ரெயினிலையாவது போறன் அம்மா" என்றாள்.

மெசீனாவில் இறங்கி, கப்பலில் கடலைக் கடந்து, அங்கிருந்து வடக்கே போகிற ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. நானும் மெசீனாவரை போய் வழியனுப்ப சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டேன். என் கணவர் வேலைக்குப் போன பிறகு இருவரும் சூட்கேஸை இழுத்துக்கொண்டு, எங்கள் வீடு இருக்கும் பிரான்காச்சோவில் பஸ் ஏறி ரயில் நிலையத்துக்குப் போனோம். அவர் வண்டியின் முன்னால் இருப்பார், நம்மைக் காணக் கூடாது என்று கடைசிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தோம்.

இடப்பக்கம் முழுக்கக் கடல். தர்சனா அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி மெல்ல நின்றது. கையில் இருந்த தேநீர் ஒருமுறையும் தளும்பவில்லை.

"அப்பா எப்பவும் இப்பிடித்தான் நிப்பாட்டுறவரோ?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும். அவர் ஓட்டி நான் ஒருநாளும் போகேல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது.

மெசீனாவில் அவர் கோப்பி குடிக்கப் போவார், அப்போது இறங்கலாம் என்று காத்திருந்தோம். இத்தனை வருடம் ரயில்காரனோடு குடித்தனம் நடத்திய எனக்கு ஒரு விஷயம் தோன்றவில்லை. வண்டி பலேர்மோவுக்குத் திரும்புவதற்கு ஓட்டுநர் மறுமுனைக்கு வர வேண்டும். வந்த கடைசிப் பெட்டிதான் போகும்போது முதல் பெட்டி. தோளில் பையோடு அவர் நேரே எங்களிடம் நடந்து வந்தார்.

என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சூட்கேஸின் மேல் கட்டியிருந்த சோற்றுக் குக்கரைப் பார்த்தார்.

"சாப்பிட்டியளோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

பயணம் புறப்பட்டவரிடம் எங்கே என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் வேறு ஒரு சொல் இருக்கிறது. அவர் மகளிடம் அதைத்தான் கேட்டார்.

"தூரமோ?"

"ஓம் அப்பா. தூரம்."

அவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு கப்பல் துறையை நோக்கி நடந்தார். தர்சனா பின்னால் ஓடினாள். துறைக்குப் போனதும் அவளால் தாங்க முடியவில்லை.

"எங்கை எண்டு கேளுங்கோவன் அப்பா. சகுனம் ஒண்டும் பாக்க வேண்டாம்."

அவர் சூட்கேஸைக் கீழே வைத்தார். "சகுனத்துக்கில்லை அம்மா. கேட்டால் நீ சொல்லிப்போடுவாய். அதைக் கேட்டிட்டு என்னாலை திரும்பி ஓட்டேலாது. ரெயினிலை சனம் ஏறுது."

மகள் அவருடைய நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். அவர் அவளுடைய தலையைத் தடவினார்.

"போட்டு வாறன் அப்பா."

"போட்டு வா."

கப்பல் விலகுமுன்பே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

திரும்பும்போது நான் முதல் பெட்டியில் இருந்தேன். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எனக்குப் பொல்லாத கோபம். பெற்ற பிள்ளை போயிருக்கிறாள், ஒரு நிலையத்திலாவது இந்த வண்டி குலுங்கக் கூடாதா என்று நினைத்தேன். குலுங்கவில்லை. பலேர்மோவரை ஒரு குழந்தையின் உறக்கம்கூடக் கலையவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தார். சோறும் மீன்குழம்பும் போட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் கையைக் கழுவினார். இனிப் போய்ப் படுப்பார் என்று நினைத்தேன். திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. பிள்ளை எங்கை போறாள்?"

"தொரினோவுக்கு. பொறியியல் படிக்க. அஞ்சு வருசம்."

"அங்கை குளிரெல்லோ. தடிச்ச சட்டை வைச்சு விட்டனியோ?"

"வைச்சனான்."

தலையை ஆட்டினார். மேசைமேல் இருந்த அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. அவர் அவற்றை மடிக்கு இறக்கப் பார்த்தார். நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அழுங்கோ" என்றேன். "வேலை முடிஞ்சுதுதானே."