எதிரே வந்த நிறைகுடம்

"வெளிய தலைய நீட்டிராத, ஆமா. அவுக சந்தத் தாண்டுற வரைக்கும் உள்ளயே கெட" என்று சொல்லிப் பார்வதியம்மாள் மருமகளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

கோமதி கதவோடு ஒட்டி நின்றாள். கதவிடுக்கில் தாராவியின் அந்தச் சந்து தெரிந்தது. மாஜி ராணுவத்தினர் நாற்பது பேர், சாயம்போன சட்டைகளில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நின்றார்கள். சந்து முனையில் விடிவதற்கு முன்பே ஒரு போலீஸ் வேன் வந்துவிட்டது. ஜூன் பிறந்தும் மழை இறங்கவில்லை. தோல் கிடங்குகளின் நாற்றம் காற்றில் கனத்து நின்றது.

சீனாச் சண்டை முடிந்தால் நிலம், வேலை என்று சர்க்காரில் சொன்னார்கள். நான்கு வருஷமாயிற்று. ரேஷன் கோதுமை குறைந்து, பட்டறைகளும் ஆளைக் குறைத்த அந்த 1966இல், அரசாங்கத் தலைமையகமான சச்சிவாலயத்துக்கு நடந்தே போய் மனுக் கொடுப்பதென்று அவர்கள் சங்கம் முடிவுசெய்தது. மனுவை வாங்கிக்கொள்ள அங்கே ஒப்புக்கொண்டது இன்று ஒருநாள் மட்டும்தான்.

மனுவில் முதல் பெயர் கோமதியுடையது. அவள் புருஷன் பூலோகம் சீனாச் சண்டைக்குப் போய்ப் பனிமலையிலிருந்து திரும்பவில்லை. உடலும் வரவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டுப் பார்வதியம்மாளே உறவைக் கூட்டி மருமகளின் தாலியை இறக்கிவிட்டாள். பென்ஷன் ஆபீஸோ, 'காணாமற்போனவர். இறந்ததாகக் கொள்ள இயலாது' என்று எழுதியது. கிடங்கு வேலையும் போய்விட்ட கோமதிக்கும் அவளுடைய ஏழு வயது மகளுக்கும் அந்தப் பென்ஷன்தான் இனிச் சோறு.

"ஏழரைக்கு ராகுகாலம் வந்திரும். மீனாட்சி மைனி எங்க?"

தளவாயின் குரல். பூலோகத்தின் தம்பி; அதே பனியில் இடது கை விரல்களைக் கொடுத்தவன். ஊர்வலம் கிளம்பும்போது ஒரு சுமங்கலி நிறைகுடத்தோடு எதிரே வரவேண்டும் என்பது அவன் ஏற்பாடு.

எதிர்வீட்டு மீனாட்சியம்மாள் தூக்கிய குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டாள். "யய்யா, அங்கன தடியோட நிக்கானுவ. எங்க வீட்ல வேண்டாங்காவ." கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டுக் கதவும், அதற்கடுத்ததும்.

"அரே தளவாய், நாம என்ன பொண்ணு பாக்கவா போறோம்? நடப்பா" என்றார் ராணுவ லாரி ஓட்டிய மன்சூர் அலி. யாரும் சிரிக்கவில்லை. வேனிலிருந்து மேலும் சில போலீஸ்காரர்கள் இறங்கினார்கள்.

"சகுனஞ் சரியில்ல. இன்னொரு நாள் பாப்பம்." பின்வரிசையில் ஒருவர் பதக்கத்தைக் கழற்றத் தொடங்கினார்.

கோமதி கதவைத் திறந்தாள்.

"ஏட்டி! தாலியறுத்தவ எங்கட்டி போற?"

எதிர்வாசலில் இருந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் சந்து முனைவரை போனாள். அங்கே வேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வரிசைக்கு எதிரே நடந்து வந்தாள். நாற்பது முகங்களும் சுவர்ப்பக்கம் திரும்பின.

"உள்ள போங்க மைனி" என்றான் தளவாய், தரையைப் பார்த்து.

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "வாசிங்க கொழுந்தனாரே. உங்க அண்ணன் சாவலன்னு சர்க்காரு முத்திர குத்திக் குடுத்திருக்கு. அந்தச் சர்க்கார்ட்டதான போறிய? அவுகளுக்கு நான் சுமங்கலிதான்."

"தெருவுல அப்படிச் சொல்ல மாட்டாவ, மைனி..."

"தெருவா எம்புள்ளைக்குச் சோறு போடுது? குண்டுக்கு நேர நின்னிய. ஒரு குடத்தப் பாத்து மொகத்தத் திருப்புதிய."

மன்சூர் அலி முதலில் அடியெடுத்து வைத்தார். பிறகு இருவர். கழற்றிய பதக்கத்தை மறுபடி குத்திக்கொண்டு பின்வரிசைக்காரரும் வந்தார். கடைசியாக, காகிதத்தை விரலில்லாத கையால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தளவாய் நடந்தான்.

முனையில் போலீஸ் விசில் ஒலித்தது. இன்று அடி விழுந்தால் தெரு போலீஸைக் குறை சொல்லாது. தன்னைத்தான் சொல்லும் என்று கோமதிக்குத் தெரியும். குடத்தை இறக்காமல் திரும்பி, வரிசைக்கு முன்னால் நடந்தாள்.

சந்தில் அப்போது ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. அதைச் சாத்தப் பார்வதியம்மாளுக்குக் கை வரவில்லை.