பதினோராம் நம்பர் பொட்டலம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தேவாரத்து விவசாயி ஒருவர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, தப்பு என் கையிலதாண்ணே இருக்கு" என்றார். அவர் கையில் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

இதை இப்படிப் பட்டென்று போட்டு உடைக்கும் தைரியம் முதலில் எனக்கு வரவில்லை. வேறு மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

போடிமெட்டில் மேகம் இறங்கிய ஒரு காலைப்பொழுதில் வினோத்குமார் — (மேகம் தினமும்தான் இறங்குகிறது. அதில் என்ன விசேஷம்?)

வினோத்குமாருக்கு நாற்பத்திரண்டு வயது, ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசர், மனைவி — (ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது.)

ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு டிரான்சிஸ்டர்கள் — (ஐயோ, வேண்டாம்.)

2

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்கிற ஆட்கள் ஒரு தனி ரகம். கடையில் வாங்கினால் ஆகாதா என்று கேட்டுப் பாருங்கள், பேந்தப் பேந்த முழிப்பார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்படி முழிக்கிறவர்கள் பதினெட்டுப் பேர். போடி, தேவாரம், சின்னமனூர், மலைமேல் இரண்டு மூன்று எஸ்டேட். ஒருவருக்காக ஒரே ஒரு சர்க்யூட் போர்டு செய்து தரச் சொன்னால் கம்பெனிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதனால் ஆள் சேர்த்து மொத்தமாக ஆர்டர் கொடுப்போம். டிரான்சிஸ்டரும் அப்படித்தான், இருநூறாக வரும்.

ஏன் இருநூறு? பாட்டு உள்ளே நுழைகிற வாசலில் இரண்டு டிரான்சிஸ்டர் எதிரும் புதிருமாக உட்காரும். இரண்டுக்கும் பலம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் செய்ததை அளந்தாலும் ஒன்று 312 காட்டும், பக்கத்தில் இருப்பது 347 காட்டும். எதனால் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. படித்தேன், புரிந்தது, ஆச்சரியம் மட்டும் போகவில்லை. ஏலக்காயைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் எட்டு மில்லிமீட்டர் காய் தனியாக, ஏழு மில்லிமீட்டர் காய் தனியாகப் பிரிந்துவிடும். இதற்குச் சல்லடை கிடையாது. ஒவ்வொன்றாக மீட்டரில் சொருகி, எண்ணைக் குறித்து, ஜோடி தேட வேண்டும். வரன் பார்க்கிற வேலையேதான்.*

ஜோடி சேர்ந்ததும் நூலால் கட்டி, இரண்டு எண்ணையும் துண்டுச்சீட்டில் எழுதி, அளந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இது எங்கள் குழுவின் வழக்கம். கையெழுத்துப் போட்டவர்தான் ஜவாப்தாரி. வினோத்குமார் கையெழுத்து இருந்தால் யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை.

* இந்த உவமை என் மனைவி ஜாக்குலினுக்குப் பிடிக்கவில்லை. "வரன் பாத்தவரு ஒழுங்கா விசாரிச்சாராக்கும்" என்றாள். அது ஏன் என்று பிறகு தெரியும்.

3

இனி தப்பு.

வினோத்குமாருக்கு வாரத்தில் ஆறு நாள் மலைமேல் சோலி. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவான், திங்கள் காலை ஏறுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போடி வீட்டு மேஜையில் உட்கார்ந்து நூறு டிரான்சிஸ்டர்களை அளந்தான். நல்ல வெயில், சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் 33 காட்டியது. குழுவில் எல்லாரும் "எப்பண்ணே வரும்?" என்று அரித்துக்கொண்டிருந்தார்கள். மீதி நூறை டப்பாவில் போட்டு மலைக்குக் கொண்டுபோய், குவார்ட்டர்ஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அளந்தான். அங்கே 17.

டிரான்சிஸ்டர் சூடானால் எண் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். இது அவனுக்குத் தெரியாததில்லை. விரலின் சூடு பட்டால்கூட எண் ஏறிவிடும் என்றுதான் ஒவ்வொன்றையும் சின்னக் குறடால் பிடித்து, மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அளந்தான். விரல் சூட்டை நினைத்தவன் மலைக் குளிரை மறந்துவிட்டான். இருநூறு எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி, வெயிலில் 320 காட்டியதையும் குளிரில் 320 காட்டியதையும் ஒரே நூலில் கட்டினான். பதினேழு பொட்டலம் பதினேழு பேருக்குப் போனது.

(இந்த இடத்தில் எனக்கு வினோத்குமார் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கவனமான ஆள் இவ்வளவு பெரிய மலையையா மறப்பான்? வாசகர் நம்புவாரா? நம்பித்தான் ஆக வேண்டும். நடந்தது.)

4

பதினோராம் நம்பர் பொட்டலம் அந்தத் தேவாரத்து விவசாயி திருப்பதியின் கைக்குப் போனது. தென்னையும் சோளமும் வைத்திருக்கிறார். யானை வந்தால் விரட்டப் பெரிய சத்தம் வேண்டும் என்று இந்தக் குழுவுக்கு வந்தவர், பிறகு சத்தத்தை விட்டுவிட்டுப் பாட்டில் விழுந்தார். ஆறு மாதமாகப் பழைய ரேடியோ போர்டுகளில் வைத்துக் கழற்றிக் கழற்றி, ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் பழகினார். இதுதான் அவர் சொந்தமாகச் செய்கிற முதல் போர்டு.

பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கர் வயரில் மீட்டர் வைத்தால் இரண்டு மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அவருக்கு இருபதைத் தாண்டி நின்றது. சீட்டில் கையெழுத்து இருந்ததால் ஜோடியை அவர் சந்தேகப்படவே இல்லை. தன் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டார். நாலு தடவை கழற்றி மாட்டினார். இன்னொரு தடவை கழற்றினால் போர்டின் செம்பு உரிந்துவிடும் என்ற நிலையில்தான் போன் செய்தார். "தப்பு என் கையிலதாண்ணே இருக்கு."

வினோத்குமார் போனை வைத்ததும், டப்பாவில் மிஞ்சிய டிரான்சிஸ்டர்களில் மலையில் அளந்தவற்றைப் போடி மேஜையில் வைத்து மறுபடி அளந்தான். எல்லாமே முப்பது நாற்பது ஏறி நின்றன.

மறு ஞாயிறு திருப்பதியே போர்டை எடுத்துக்கொண்டு பஸ்சில் வந்தார். வினோத்குமார் "இருங்க, பாப்போம்" என்று சொல்லி, பழைய ஜோடியை எடுத்துவிட்டுச் சரியான ஜோடியை வைத்தான். மீட்டர் ஒன்றரையில் நின்றது. காரணத்தைச் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தான், அதற்குள் திருப்பதி கும்பிட்டுவிட்டார்.

"உங்க கை கைதாண்ணே. இன்னொரு ஸ்பீக்கருக்கான போர்டையும் அடுத்த வாரம் கொண்டாறேன், நீங்களே வச்சுக் குடுத்துருங்க. எனக்கு இது ஆகாது."

5

ஜாக்குலின் இதுவரை படித்தாள்.

"ஏங்க, யாரு இந்த வினோத்குமார்?"

"ஒரு கேரக்டர்."

"நம்ம மேஜையில வந்து உக்காந்திருக்காரு. உங்க ஸ்வெட்டரைப் போட்டிருக்காரு."

"கதைன்னா அப்படித்தான் இருக்கும்."

"சீட்டுல எபினேசர்னுதானே கையெழுத்துப் போட்டீங்க? நான்தானே பொட்டலம் ஒட்டுனேன்?"

சரி, வாசகரே, உங்களுக்கும் தெரிந்துபோயிற்று. அளந்தது நான். வாயடைத்து நின்றதும் நான். வெட்கமாக இருந்தது, அதனால் ஒருத்தனை இட்டுக்கட்டி அவன் தலையில் வைத்தேன்.

"அந்த மனுசன் ஆறு மாசம் பழகுனதை விட்டுட்டுப் போறாரு. நீங்க உக்காந்து கதை எழுதுறீங்க" என்றாள் ஜாக்குலின். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

6

இருந்தாலும் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு வேறு என்ன தெரியும்?

முடிவு ஒன்று. வினோத்குமார் குழுவில் உண்மையைச் சொல்கிறான். எல்லாரும் "பரவாயில்லண்ணே" என்று கைகூப்புகிறார்கள். (எங்கள் குழுவை உங்களுக்குத் தெரியாது. கிழித்துத் தொங்கவிடுவார்கள்.)

முடிவு இரண்டு. சொல்வதில்லை. பொட்டலம் வாங்கிய மற்ற பதினாறு பேரில் யார் யாருக்குத் தப்பான ஜோடி போனது என்று குறித்துவைக்காததால் அவனுக்கே தெரியாது. ஒவ்வொருவரும் தன் கையைத் திட்டிக்கொண்டு போர்டைப் பரணில் போடுகிறார்கள். (இதை எழுதும்போது கை ஓடவில்லை.)

முடிவு மூன்று. திருப்பதி தானாகவே கண்டுபிடித்து — (பார்த்தீர்களா, அந்த வேலையையும் அவர் தலையிலேயே கட்டப் பார்க்கிறேன்.)

7

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் திருப்பதி வந்தார். இரண்டாவது போர்டைப் பூப்போட்ட துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் அதை வாங்கவில்லை.

"ஒரு கதை எழுதியிருக்கேன். கேக்குறீங்களா?"

"நமக்குக் கதையெல்லாம் என்னண்ணே தெரியும்? சரி, வாசிங்க."

ஒன்றிலிருந்து ஆறு வரை வாசித்தேன். ஜாக்குலின் டீ கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள். மலையில் அளந்த இடத்தில் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். தன் பெயர் வந்தபோது கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. முடித்ததும் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையில குளிரும்னு எல்லாருக்கும் தெரியுமேண்ணே."

"தெரியும்."

"போன வாரம் என் கண்ணு முன்னாடி மாத்தையிலயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். மன்னிச்சிருங்க திருப்பதி."

அவர் போர்டைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தார்.

"நாலாவது தடவை கழட்டையில எங்க வீட்ல, ஈஸ்வரி, விட்டுருங்க, மம்பட்டி பிடிச்ச கைக்கு இதெல்லாம் வராதுன்னு சொன்னா. நான் அவகிட்டக் கோவிக்கல. நெசந்தான்னு நெனச்சேன். அதையும் எழுதுங்கண்ணே."

எழுதிவிட்டேன்.

பிறகு, "ஜோடியை மட்டும் குடுங்க, நானே வச்சுக்கிடுறேன்" என்றார். கொடுத்தேன். சீட்டைப் படிக்கவில்லை. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொடாமல் கால் மணி நேரம் காத்திருந்தார். குறடால் எடுத்து என் மீட்டரில் அவரே சொருகி அளந்தார். 341, 342. பழைய சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டு, புதுச் சீட்டில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு பஸ்சுக்குக் கிளம்பினார்.

8

முடிவு நான் எழுதப்போவதில்லை. பதினாறு பேருக்குச் சேர வேண்டியதை ஒருவன் எழுத முடியாது. இந்தக் கதையை இப்படியே, வெட்டாமல், குழுவில் போடுகிறேன். அந்தப் பதினாறு பேரில் நீங்கள் ஒருவரானால், ஜோடியை மறுபடி அளந்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள். திட்டவும் செய்யலாம், எடுப்பேன். ஆனால் உங்கள் வீட்டிலும் யாராவது ஈஸ்வரி சொன்னதைப் போலச் சொல்லியிருந்தால், என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.